வாசலில் நிற்பவர்

போலியோ சொட்டு மருந்து போட்ட குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைப்பார்கள். நம்மூர்ப் பேருந்து நிலையத்திலும் அங்கன்வாடியிலும் எல்லோரும் பார்த்ததுதான். தாயின் இடுப்பில் இருக்கிற குழந்தை தலையைத் திருப்பிக்கொள்ளும். ஊழியர் அதன் கன்னங்களை லேசாக அழுத்தி வாயைத் திறக்கவைத்து இரண்டு சொட்டு விடுவார். அது முகத்தைச் சுளிப்பதற்குள் விரலைப் பிடித்து நகத்தின் மேல் ஒரு கோடு போட்டுவிடுவார். பாகிஸ்தானிலும் இதே சொட்டு, இதே விரல், இதே மை. அங்கே இது பெரும்பாலும் வீடு வீடாகப் போய்ச் செய்கிற வேலை. ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள், கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறார்கள். போட்டு முடித்ததும் கதவிலோ சுவரிலோ சாக்கட்டியால் குறி எழுதுகிறார்கள். பின்னால் வருகிற மேற்பார்வையாளர் அதைப் பார்த்து, விடுபட்ட வீடு எது என்று கண்டுபிடிப்பார்.

கதவைத் திறக்கிற தாய்க்கு வந்தவரின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். இருந்தும் குழந்தையை நீட்டுகிறாள். வந்தவர் குழந்தைக்காக மட்டுமே வந்திருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

2011 மார்ச்சில் அபோட்டாபாத் நகரத்துக்கு ஒரு டாக்டர் வந்தார். பெயர் ஷகீல் அஃப்ரிதி. கைபர் பகுதியின் மூத்த சுகாதார அதிகாரி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இலவசமாகப் போட நிதி கிடைத்திருக்கிறது என்றார். உள்ளூர்ச் சுகாதார நிர்வாகத்தை ஒதுக்கிவிட்டு, கீழ்மட்ட ஊழியர்களுக்குத் தாராளமாகப் பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். சுவரொட்டி ஒட்டினார்கள். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக நவாஷேர் என்கிற ஏழைகள் பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். இந்தத் தடுப்பூசி ஒரு தவணையோடு முடிவதில்லை. ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தை ஒட்டி மூன்றாவது போட்டால்தான் முழுப் பலன். ஆனால் ஏப்ரலில், நவாஷேருக்கு இரண்டாவது தவணை வர வேண்டிய நேரத்தில், குழு அங்கே திரும்பவில்லை. பிலால் டவுனுக்குப் போய்விட்டது. பிலால் டவுனில் உயர்ந்த மதில் சூழ்ந்த ஒரு வீட்டில் ஒசாமா பின் லேடன் ஒளிந்திருப்பதாக அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ சந்தேகித்தது. ஊசி போடும் சாக்கில் அந்த வீட்டுக் குழந்தைகளின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, மரபணுவை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். அது பலித்ததாக எந்த உறுதியான தகவலும் வெளிவரவில்லை. மே 2-ஆம் தேதி அமெரிக்க அதிரடிப் படை அந்த வீட்டில் இறங்கியது. ஜூலையில் லண்டன் கார்டியன் நாளிதழ் இந்தப் போலித் தடுப்பூசி முகாமை அம்பலப்படுத்தியது.

ஒசாமாவைப் பிடிக்க வேண்டியதா இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. நான் திரும்பத் திரும்ப யோசிப்பது நவாஷேர் குழந்தைகளைப் பற்றி. ஹெபடைடிஸ் பி பாகிஸ்தானில் உண்மையிலேயே பலரின் கல்லீரலைத் தின்கிற நோய். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் வரிசையில் நின்றது உண்மையான பயத்தால். உடம்புக்குள் போனதும் உண்மையான மருந்துதான். பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். இந்த விவகாரம் பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்டவற்றில் பெரும்பாலும் அந்த இரண்டாவது தவணைக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைத்ததில்லை.

பழி போலியோ ஊழியர்கள் தலையில் விழுந்தது. ஊசியில் ரத்தம் எடுக்கலாம், வாயில் விடுகிற சொட்டில் எதை எடுப்பது? ஆனால் சந்தேகம் அப்படிப் பகுத்துப் பார்ப்பதில்லை. மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் போலியோ ஊழியர்கள்தான், அதனால் சந்தேகமும் அவர்கள் மேல்தான் படிந்தது. சொட்டு மருந்து முஸ்லிம்களை மலடாக்கும் மேற்கத்தியச் சதி என்ற வதந்தி ஏற்கெனவே இருந்தது; நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003-ல் இதே வதந்தியால் போலியோ திட்டத்தை மாதக்கணக்கில் நிறுத்தியது. அதற்கெல்லாம் இதுவரை ஆதாரம் கிடையாது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்த ஊழியர்களிடம் இப்போது கேட்க ஒரு உண்மைச் சம்பவம் கிடைத்துவிட்டது. 2012 ஜூனில், ட்ரோன் தாக்குதல் நிற்கும்வரை சொட்டு மருந்துக்கு அனுமதி இல்லை என்று வடக்கு வஜீரிஸ்தானின் தாலிபான் தளபதி ஹாஃபிஸ் குல் பகதூர் அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் போலியோ ஊழியர்கள் அடுத்தடுத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பலர் இளம் பெண்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஊழியர்களும் அவர்களுக்குக் காவலாகப் போன போலீசாருமாக இறந்தவர்கள் நூற்றைத் தாண்டும்.

2012-ல் பாகிஸ்தானில் 58 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. 2013-ல் 93. 2014-ல் 306. இதற்கு முழுக் காரணமும் அபோட்டாபாத்தான் என்று சொன்னால் அது நேர்மையில்லை. போர், இடப்பெயர்வு, பழங்குடிப் பகுதிகளை ஆண்டாண்டு காலமாக ஆட்சியாளர்கள் கைவிட்டது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். 2014-ல் ராணுவம் வடக்கு வஜீரிஸ்தானில் புகுந்தபோது லட்சக்கணக்கானோர் வெளியேறி வந்தார்கள். அதுவரை எட்டமுடியாமலிருந்த குழந்தைகளுக்கு வழியிலேயே சொட்டு போட முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் மோனிகா மார்டினெஸ் பிராவோ, ஆண்ட்ரியாஸ் ஸ்டெக்மன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மாவட்ட வாரியாகக் கணக்குப் பார்த்தார்கள். மதவாதக் கட்சிகளுக்குச் செல்வாக்கு அதிகமுள்ள மாவட்டங்களில், செல்வாக்கு குறைந்த மாவட்டங்களோடு ஒப்பிட்டால், அம்பலமான செய்திக்குப் பிறகு தடுப்பூசி போடும் விகிதம் 23 முதல் 39 சதவீதம்வரை சரிந்தது என்று அவர்கள் ஆய்வு சொல்கிறது. போலியோ மட்டுமல்ல, எல்லாத் தடுப்பூசிகளும் அடிவாங்கின.

நோய்த்தடுப்புக்குள் வேறொரு வேலையை ஒளித்துவைப்பது சிஐஏ கண்டுபிடித்த உத்தி அல்ல. பொதுச் சுகாதாரம் வெளியுறவுப் பேச்சுக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்தே இந்தக் குழப்பம் இருக்கிறது. 1851 ஜூலையில் பாரிசில் 12 நாடுகள் கூடின. ஒவ்வொரு நாட்டின் சார்பிலும் ஒரு மருத்துவர், ஒரு ராஜதந்திரி. காலரா ஐரோப்பாவை இரண்டு முறை சூறையாடியிருந்த நேரம். ஆறு மாதம் பேசினார்கள். காலரா எப்படிப் பரவுகிறது என்பதிலேயே ஒத்துப்போக முடியவில்லை. கப்பலை நிறுத்திவைத்தால் வணிகம் கெடும் என்பது பிரிட்டனின் கவலை. நிறுத்தாவிட்டால் நோய் ஏறும் என்பது மத்தியதரைக்கடல் நாடுகளின் கவலை. சூயஸ் கால்வாய் வழியே வரும் கப்பல்களுக்கான முதல் உடன்படிக்கை 1892-ல்தான் வெனிசில் கையெழுத்தானது. நாற்பது வருடம் பிடித்தது. அந்தப் பேச்சுகளில் கேட்கப்பட்ட கேள்வி, கிழக்கிலிருந்து வருகிற நோய் மேற்குக்குள் நுழையாமல் எப்படித் தடுப்பது என்பது. வங்கத்தில் காலராவால் சாகிறவர்களைக் காப்பாற்றுவது அந்த மேசையில் ஒரு பொருளாகவே வைக்கப்படவில்லை. இன்று நடைமுறையில் இருக்கும் சர்வதேச சுகாதார விதிகள் 2005-ல் திருத்தப்பட்டவை. நோயைத் தடுக்கும்போது போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் தேவையில்லாத இடையூறு வரக்கூடாது என்று அவற்றின் நோக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பாரிஸ் மேசையின் தழும்பு இன்னும் மறையவில்லை.

அந்த மேசையின் நிழல் நம் கரையில் விழுந்த இடம் ஒன்று உண்டு. ராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் பாம்பனுக்கு முன்னால் மண்டபம் முகாம் என்ற நிலையத்தைத் தாண்டிப் போவார்கள். பெயர்ப்பலகையில் உள்ள அந்த 'முகாம்' எங்கிருந்து வந்தது என்று ரயிலில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை நிறுத்திவைத்த தனிமைப்படுத்தல் முகாம் அது. முன்பு தூத்துக்குடி வழியாகப் போனபோது தட்டப்பாறையிலும், அக்கரையில் ராகமையிலும் நிறுத்தினார்கள். 1914-ல் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் வந்தது. சென்னை மாகாணத்து மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசு. ஒரு நாட்டின் சுகாதார எல்லையை இன்னொரு நாட்டின் கரைக்குள் கொண்டுவந்து நட்டுவைத்திருந்தார்கள்.

திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியோடு வந்த குடும்பம் அங்கே ஐந்தாறு நாள் அடைபட்டிருக்கும். துணிமணிகளைக் கிருமிநீக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அம்மை குத்துவார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். கையில் வசதி இருந்த பயணிகளுக்கு விதி தளர்ந்தது, கூலிகளுக்கு இறுகியது. பிளேக் கிருமி டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை என்பது முகாமை நடத்திய மருத்துவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த முகாம் பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. அம்மை குத்தியது அம்மை குத்தியதுதான். ஆனால் அது யாருக்காகக் கட்டிய காவல் என்பதில் சந்தேகம் வேண்டாம். தோட்டத்தையும் துறைமுகத்தையும் கூலியிடமிருந்து காக்கக் கட்டியது. 1983-க்குப் பிறகு அதே மண்டபத்துக்கு ஈழத்து அகதிகள் வந்து இறங்கினார்கள். அந்த முகாம் வழியாக இலங்கைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குள் இருந்திருக்கக்கூடும்.

நோயை ஒரு மனிதர் மேலோ ஒரு நாட்டின் மேலோ ஏற்றிப் பார்க்கிற இந்தப் பழக்கத்தால் வருகிற பெரிய நஷ்டம், யாரும் உண்மையைச் சொல்ல முன்வராமல் போவது. 1994 செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் வந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். நாடெங்கிலும் இறந்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர். ஆனால் வளைகுடா நாடுகள் விமானங்களை நிறுத்தின, இந்தியச் சரக்குகளைத் திருப்பி அனுப்பின, சுற்றுலா விழுந்தது. நஷ்டம் கிட்டத்தட்ட 200 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். பயணத்தடையும் சரக்குத்தடையும் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது காதில் விழவில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்? 2002 இறுதியில் குவாங்டோங்கில் தொடங்கிய சார்ஸை சீனா மாதக்கணக்கில் மறைத்தது. பெய்ஜிங்கின் உண்மை எண்ணிக்கையை ஜியாங் யான்யோங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் 2003 ஏப்ரலில் வெளியே சொன்ன பிறகுதான் மூடி திறந்தது.

2005 விதிகள் இதைச் சரிசெய்யத்தான் எழுதப்பட்டன. நோய் தென்பட்டால் மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பதிலுக்கு மற்ற நாடுகள் அறிவியலுக்குப் புறம்பான தடை போடக்கூடாது. முதல் பாதியைத் தென்னாப்பிரிக்கா அப்படியே நிறைவேற்றியது. 2021 நவம்பர் 24-ல் கொரோனாவின் புதிய வகையான ஒமிக்ரான் பற்றி உலகத்துக்குச் சொன்னது. இரண்டே நாளில் பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்குக் கதவைச் சாத்தின. ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் கொண்டுவரும் விமானங்கள்கூட நின்றுபோகும் என்று அங்கிருந்த விஞ்ஞானிகள் கெஞ்ச வேண்டியிருந்தது. அதே வைரஸ் ஐரோப்பாவில் அதற்கு முன்பே இருந்தது என்பது சில நாளில் தெரிந்தது. சொன்னவருக்கு இழப்பீடு எதுவும் கிடையாது, சொன்னதற்குத் தண்டனை உண்டு என்ற ஏற்பாட்டில், அடுத்தமுறை ஒரு நாடு நான்கு நாள் தயங்கினால் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

இந்தோனேசியாவின் கதை இதைவிடச் சிக்கலானது. பறவைக் காய்ச்சலால் மனிதர்கள் அதிகம் இறந்த நாடு அது. பல பத்தாண்டுகளாக, ஃப்ளூ மாதிரிகளை நாடுகள் இலவசமாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலைப்பின்னலுக்கு அனுப்பிவந்தன. அங்கிருந்து மருந்து நிறுவனங்களுக்குப் போகும், தடுப்பூசி வரும், பணமுள்ள நாடுகள் முன்பதிவு செய்துகொள்ளும். தங்கள் நாட்டு வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்குகிறது என்று தெரிந்தபோது சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். செத்தது எங்கள் மக்கள், வைரஸ் எங்களுடையது, தடுப்பூசியை மட்டும் நாங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். மேற்கத்திய நிபுணர்கள் கொதித்தார்கள். உலகத்தின் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார் என்றார்கள். அவர் பேச்சில் சதிக்கோட்பாட்டின் வாடையும் அடித்தது, பின்னாளில் அவர் வேறொரு ஊழல் வழக்கில் சிறைக்கும் போனார். அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. பூகோளப் பாதுகாப்பு என்று சொல்லி என்னிடம் வாங்குகிறாய், அந்தப் பாதுகாப்பில் என் பங்கு எங்கே?

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். 2007 மார்ச்சில் ஏழு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் ஆஸ்லோ பிரகடனத்தை வெளியிட்டு, ஆரோக்கியத்தை வெளியுறவுக் கொள்கையின் கண்ணாடியாக்க வேண்டும் என்றார்கள். பிரேசில், பிரான்ஸ், நார்வே, செனகல், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகியவற்றோடு கையெழுத்திட்ட ஏழாவது நாடு, அந்த நேரத்தில் மாதிரிகளைத் தர மறுத்துக்கொண்டிருந்த இந்தோனேசியாதான். நான்கு வருடப் பேச்சுக்குப் பிறகு 2011-ல் ஃப்ளூ மாதிரிப் பகிர்வுக்குப் புதிய ஏற்பாடு வந்தது. மாதிரிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பங்களிப்புத் தர வேண்டும், தொற்று பரவும்போது தடுப்பூசியில் ஒரு பகுதியை ஒதுக்கவும் வேண்டும். சுபாரி கதவைச் சாத்தியிருக்காவிட்டால் அது வந்திருக்காது. 2025 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் நிறைவேறிய பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் கடைசிவரை இழுபறியானது இதே விஷயம்தான். மாதிரிக்குப் பதில் என்ன தருவீர்கள் என்கிற பகுதியை மட்டும் பிறகு பேசி முடிப்பதாகத் தள்ளிவைத்துத்தான் ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள்.

பாதுகாப்பு என்று சொன்னால்தான் பணம் வரும் என்று சுகாதாரத் துறையிலேயே பலர் வாதிடுகிறார்கள். பொய்யில்லை. 2000 ஜனவரியில் ஐநா பாதுகாப்பு சபை வரலாற்றில் முதல்முறையாக ஒரு நோயைப் பற்றிக் கூட்டம் போட்டது. எய்ட்ஸ் ஆப்பிரிக்க ராணுவங்களை அரித்துவிடும், அரசுகள் கவிழும் என்ற அச்சம் அப்போது பேசப்பட்டது. அரசுகள் அப்படிக் கவிழவில்லை. ஆனால் அந்தச் சூழலில்தான் 2003-ல் ஜார்ஜ் புஷ் ஐந்து ஆண்டுக்கு 1,500 கோடி டாலர் எய்ட்ஸ் திட்டத்தை அறிவித்தார். கோடிக்கணக்கானோர் அந்தத் திட்டம் தந்த மாத்திரைகளால் உயிரோடு இருக்கிறார்கள். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கொடுத்தவரின் அச்சத்தைப் பார்த்து வந்த பணம் அவருடைய அச்சம் மாறும்போது போய்விடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்க நகரங்களில் நோயாளிகள் மாத்திரை வாங்க வந்து பூட்டிய கிளினிக்கைப் பார்த்துத் திரும்பினார்கள். எச்ஐவி மாத்திரை நாள் தவறாமல் சாப்பிட வேண்டியது. 'திட்டம் மறுஆய்வில் இருக்கிறது' என்ற பதில் அதற்குப் பொருந்தாது.

எபோலாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 2014 செப்டம்பரில் பாதுகாப்பு சபை எபோலாவைச் சர்வதேச அமைதிக்கு அச்சுறுத்தல் என்று தீர்மானித்தது. அமெரிக்கா லைபீரியாவுக்கு ராணுவத்தை அனுப்பி 11 சிகிச்சை மையங்கள் கட்டியது. அவை திறந்தபோது நோய் இறங்கத் தொடங்கிவிட்டது. அத்தனையிலும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர். அதற்கு முன்பே லைபீரிய அரசு தன் பங்குக்குச் செய்திருந்தது. ஆகஸ்ட்டில் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை ஒரே இரவில் முள்கம்பி போட்டு அடைத்தார்கள். கூட்டம் திமிறியது, ராணுவம் சுட்டது, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பத்து நாளில் கம்பியை எடுத்துவிட்டார்கள்.

நோய் எப்படி இறங்கியது என்பதைப் பிணங்களின் வழியாகப் பார்க்கலாம். எபோலாவில் இறந்தவரின் உடம்பில்தான் கிருமி உச்சத்தில் இருக்கும். குளிப்பாட்டி அடக்கம் செய்கிறவர்களுக்கு அது தொற்றும். அதனால் மன்ரோவியாவில் எல்லாப் பிணங்களையும் எரிக்க உத்தரவு போட்டார்கள். மூதாதையின் கல்லறையை ஆண்டுதோறும் அலங்கரிக்கிற மக்கள் அவர்கள். வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்து உடலைத் தூக்கிப் போய் எரித்துச் சாம்பலாக்குவதைவிட, இரவோடு இரவாகத் தாங்களே புதைத்துவிடுவது மேல் என்று நினைத்தார்கள். நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். மானிடவியலாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் பாதிரிமாரும் இமாம்களும் சேர்ந்து பேசிய பிறகு முறை மாறியது. குடும்பத்தார் தூரத்தில் நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், கல்லறைக்குப் பெயர் எழுதலாம். 2014 டிசம்பரில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் அதற்கென்று ஒரு இடுகாடு திறந்தார்கள். அடக்கம் பாதுகாப்பாக நடந்தது, குடும்பங்கள் தாங்களாகவே கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கின. மேற்கு ஆப்பிரிக்காவில் 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தத் தொற்றில் மரியாதையான அடக்கம் எத்தனை உயிரைக் காத்தது என்று எண்ணிச் சொல்ல முடியாது. அதற்கு விமானந்தாங்கிக் கப்பல் தேவைப்படவில்லை.

இந்தியாவும் இந்தப் பாடத்துக்கு வெளியே இல்லை. 2021 ஜனவரியில் மற்ற நாடுகளுக்குக் கொரோனா தடுப்பூசி அனுப்பும் 'தடுப்பூசி மைத்ரி' திட்டம் தொடங்கி, பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதல் பெட்டிகள் போனபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் இலங்கைக்கு 5 லட்சம் தவணை போனது. மார்ச் இறுதியில் இங்கே இரண்டாவது அலை எழும்பியதும் ஏற்றுமதி நின்றது. நம் சுடுகாடுகளில் வரிசை நின்ற அந்த வாரங்களில் நிறுத்தாமல் இருந்திருக்க முடியுமா என்றால் முடியாதுதான். ஆனால் முதல் ஊசி போட்டுக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருந்த இலங்கையர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பற்றாக்குறை சுமார் 6 லட்சம் தவணை. ஜூலை இறுதியில் ஜப்பான் அனுப்பிய பிறகுதான் அவர்களுக்குக் கிடைத்தது. அதற்குள் சீனத் தடுப்பூசி கொழும்பில் நிறைந்துவிட்டது. பிராந்தியச் செல்வாக்கில் யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்று டெல்லியில் எழுதிக்கொண்டிருந்தோம். நவாஷேரைப் போலவே இங்கும் யாரும் எழுதாமல் விட்டது இரண்டாவது தவணைக்காகக் காத்திருந்தவரைப் பற்றித்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1985-ல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் ஜனாதிபதி டுவார்ட்டேயிடம் போய், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட மூன்று நாள் சண்டையை நிறுத்துங்கள் என்றார். கத்தோலிக்கத் திருச்சபை நடுவில் நின்று கிளர்ச்சியாளர்களிடம் பேசியது. மூன்று மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் துப்பாக்கி ஓய்ந்தது. சுமார் இரண்டரை லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். போர் முடியும்வரை ஆண்டுதோறும் அது தொடர்ந்தது.

இலங்கையில் 1990-களின் பிற்பாதியில் அரசும் விடுதலைப் புலிகளும் தேசிய நோய்த்தடுப்பு நாட்களில் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். யாழ்ப்பாணமும் வன்னியும் மின்சாரம் இல்லாமல் கிடந்த காலம். பேட்டரியும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டியலில் இருந்த காலம். போலியோ மருந்தோ குளிர் குறையாமல் போய்ச் சேர வேண்டியது, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் வீண். அந்த ஐஸ் பெட்டிகள் இரண்டு தரப்பின் காவலரண்களையும் தாண்டிப் போயின. வேறெந்தப் பேச்சிலும் ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாத இரண்டு படைகள் இந்த ஒன்றில் நம்பின. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993-ல். போரின் இத்தனை ஆண்டுகளில் அது திரும்பி வரவில்லை. பெட்டிக்குள் மருந்து மட்டும்தான் இருக்கிறது, தூக்கி வருகிறவர் பதுங்கு குழிகளை எண்ணிக்கொண்டு போக மாட்டார் என்று இரண்டு பக்கத்துச் சிப்பாயும் நம்பியதால் நடந்தது. ஒரே ஒரு முறை அந்தப் பெட்டிக்குள் உளவுக் கருவி இருந்திருந்தால் அடுத்த ஆண்டு எந்தக் காவலரணும் திறந்திருக்காது.

இந்த நம்பிக்கையைச் சட்டம் எவ்வளவு காக்கிறது என்று பார்த்தால் மனம் சோர்கிறது. செஞ்சிலுவைச் சின்னத்தைப் போரில் ஏமாற்றப் பயன்படுத்துவது ஜெனீவா உடன்படிக்கைகளின் கீழ் குற்றம். 2008-ல் பிணைக்கைதிகளை மீட்ட நடவடிக்கையில் சிப்பாய் ஒருவர் அந்தச் சின்னத்தை அணிந்திருந்தது வெளிவந்ததும் கொலம்பிய ஜனாதிபதி உரிபே செஞ்சிலுவைச் சங்கத்திடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அபோட்டாபாத்தில் போர் நடக்கவில்லை, யாரும் செஞ்சிலுவை அணியவில்லை. அமெரிக்காவின் 12 பொதுச் சுகாதாரப் பள்ளிகளின் தலைவர்கள் 2013 ஜனவரியில் அந்தப் போலி முகாமைக் கண்டித்து ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்கள். பதினாறு மாதம் கழித்து, 2014 மே மாதம், வெள்ளை மாளிகையிலிருந்து ஒபாமாவின் ஆலோசகர் லிசா மொனாக்கோ பதில் எழுதினார்: தடுப்பூசித் திட்டங்களையோ அவற்றின் ஊழியர்களையோ சிஐஏ இனிப் பயன்படுத்தாது, அப்படிக் கிடைக்கும் மரபணு மாதிரிகளையும் பயன்படுத்தாது, முந்தைய ஆகஸ்டிலேயே சிஐஏ இயக்குநர் உத்தரவிட்டுவிட்டார் என்று. ஒரு நிறுவனத் தலைவரின் உத்தரவு, அவ்வளவுதான். அடுத்த இயக்குநர் சத்தமில்லாமல் அதை எடுத்துவிடலாம். மற்ற நாடுகளின் உளவுத் துறைகள் இந்த அளவுக்குக்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை. 2024-ல் திருத்திய சர்வதேச சுகாதார விதிகளிலும் 2025-ன் பெருந்தொற்று ஒப்பந்தத்திலும், சுகாதார ஊழியரின் வேடத்தில் உளவு பார்ப்பதைத் தடைசெய்யும் ஒரு வரி இல்லை.

அந்த வரியை முன்மொழிய இந்தியாவுக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்திக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ இல்லை. அந்த நிலைக்கு வர உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் மறுத்த குடும்பங்களின் வாசலில் மௌலவிகளையும் பேராசிரியர்களையும் கூட்டிக்கொண்டுபோய் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். பாகிஸ்தானோடு உறவு கெட்டுக் கிடந்த ஆண்டுகளிலும், அட்டாரியிலும் முனாபாவிலும் எல்லை தாண்டி வருகிற குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போட ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த உலக சுகாதார மாநாட்டுக்கு நம் தூதுக்குழு போகும்போது, தடுப்பூசி ஏற்றுமதிக் கணக்கோடு இந்த ஒரு வரியையும் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். பாகிஸ்தான் அதை ஆதரிக்காமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.